பூக்கிரீட நோட்டில் இல்லாத பெயர்

ஜூன் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் பக்காவு நகரத்துச் சந்தையில் கொர்னேலியாவின் பூக்கடையில் நிற்க இடமிருக்காது. பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கும் பிள்ளை தலையில் பூக்கிரீடம் வைத்துக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். முதல் மூன்று பரிசுக்கும் உண்டு, ஆறுதல் பரிசுக்கும் உண்டு; ஒரே பரிசு பல பிள்ளைகளுக்குப் போகும். கிரீடத்தைப் பெற்றோர்தான் சொல்லிச் செய்விக்க வேண்டும். ஆகவே எந்தப் பிள்ளைக்கு என்ன பரிசு என்பது டீச்சருக்கு அடுத்தபடியாகப் பூக்காரிக்குத்தான் தெரியும்.

"எங்க ஓவிடியுவுக்கு வெள்ளை ரோஜா மட்டும் வச்சுக் கட்டுங்க. முதல் பரிசாச்சே, காட்டுப்பூ எல்லாம் கலந்துடாதீங்க" என்றாள் சிமோனா. பணப்பையை மூடியவள் நிதானமாகக் கேட்டாள். "ஆமா, உங்க இலின்காவுக்கு என்ன பூ?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள் கொர்னேலியா.

முடிவு பண்ண எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இருவரின் பிள்ளைகளும் படிக்கும் நான்காம் வகுப்பில் இருபத்தாறு பேர். ஆர்டர் நோட்டில் அந்த வகுப்பிலிருந்து பதினெட்டுப் பெயர்கள். அதில் கொர்னேலியாவின் ஒரே மகளின் பெயர் இல்லை.

இலின்கா கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ரோஜாத் தண்டுகளில் முள் கிள்ளிக்கொண்டிருந்தாள். சிமோனா போனதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பதினெட்டுப் பேரையும் நானே வாசிச்சிட்டேன். யாருகிட்டயும் கேக்கல."

"ஊரார் பிள்ளைங்க பேரையெல்லாம் நல்லா வாசி. உன் பேரு அதுல எங்கடி?"

இலின்கா நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் முள்ளைக் கிள்ள ஆரம்பித்தாள். கொர்னேலியா கெட்டவள் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் கிரீடம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தன் மகளை வெறுந்தலையோடு நிறுத்துவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது, அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தில் மகள் சொன்னது காதில் ஏறவில்லை.

மறுநாள் ஒரு காப்பிப் பொட்டலமும் ஒரு கட்டுப் பூவுமாகப் பெத்ரோனெலா டீச்சரைப் பார்க்கப் போனாள்.

"ஒரு ஆறுதல் பரிசு போதும் டீச்சர். யாரோடதையும் புடுங்கிக் குடுக்கச் சொல்லல."

"அவ வாங்கின மார்க்குல பாதிக்கு மேல 'சுமார்'தாங்க" என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு சொல்றேன். போன அக்டோபர்ல வாசிக்கிற முறை வந்தா மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா. போன மாசம் எழுந்து நின்னு ஒரு முழுப் பக்கம் வாசிச்சா. பதினோரு நிமிஷம் ஆச்சு. ஆனா நிறுத்தல."

"அதுக்கு என்ன போட்டீங்க?"

"சுமார்."

"அப்புறம் என்ன டீச்சர்?" என்றாள் கொர்னேலியா.

டீச்சருக்கு முப்பது வருட வேலை, அதில் இருபது வருடம் இப்படி வரும் பெற்றோரிடமே போயிருந்தது. வாதாடத் தெம்பில்லாமல் பெயரை எழுதிக்கொண்டார். டீச்சர் எழுதியதும் தப்பு, இவள் கேட்டதும் தப்பு. கேட்டவளோ அன்று மாலையே மகளுக்கு ரோஜாவும் கார்னேஷனுமாக ஒரு கிரீடம் கட்டினாள். நோட்டில் இருந்த எல்லாக் கிரீடத்தையும்விட அது கொஞ்சம் பெரியது.

"எனக்குப் பரிசா? எதுக்கும்மா?" என்றாள் இலின்கா.

"எதுக்கா இருந்தா என்ன? தலைய ஆட்டாம நில்லு."

மறுநாள் விழா பள்ளி முற்றத்தில் நடந்தது. முந்நூறு பேர் வெயிலில் நின்றிருந்தார்கள். ஓவிடியு வெள்ளை ரோஜாவோடு ஏறி இறங்கினான். கடைசியில் இலின்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே வாசகம் அச்சிட்ட சான்றிதழை அவள் போய் வாங்கினாள், ஆனால் இறங்கவில்லை. எழுத்தின்மேல் விரல் வைத்துச் சத்தமாக வாசித்தால்தான் அவளுக்குப் புரியும். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"எல்... லாப்... பா... டத்... திலும்..."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கொர்னேலியா கையிலிருந்த கைக்குட்டையைக் கசக்கினாள். இறங்கி வந்துவிட மாட்டாளா என்றிருந்தது அவளுக்கு. சிமோனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முன்னால் நின்ற ஓவிடியு திரும்பித் தன் அம்மாவைப் பார்த்து, "சும்மா இரும்மா. அவ வாசிக்கிறா" என்றான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரும் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்கு இப்படிக் காத்திருந்து பழக்கம்.

"...பெற்ற... சி... றந்த... மதிப்... பெண்... ணுக்காக..."

கடைசி வரி வரை, தலைமையாசிரியரின் பெயர் வரை வாசித்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். "டீச்சர், இது எனக்கு இல்ல. எனக்கு எல்லாத்துலயும் சிறந்த மதிப்பெண் வரல" என்று சான்றிதழை மேசைமேல் வைத்தாள். கிரீடத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது எங்கம்மா கட்டினது. இத நான் வச்சுக்கறேன்."

பெத்ரோனெலா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கொர்னேலியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன் மகள் வாசித்து அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. நேற்று முன்தினம் கடையில் அந்தக் குழந்தை நோட்டோடு வந்து நின்றது எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது.

இலின்கா கீழே வந்ததும் கொர்னேலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிமோனா ஆறுதலாகத்தான் சொன்னாள். "பாவம், குழந்தை. விடுங்க, அடுத்த வருஷம் வாங்கிடுவா."

"வாங்கட்டும், வாங்காம இருக்கட்டும்" என்றாள் கொர்னேலியா. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அக்டோபர்ல மேசைக்கு அடியில ஒளிஞ்ச பொண்ணு இன்னிக்கு முந்நூறு பேர் முன்னாடி நின்னு வாசிச்சிருக்கா. பெத்தவ நான் அவ எவ்வளவு தூரம் வந்திருக்கான்னு பாக்காம, என்ன மார்க்குன்னு மட்டும் கேட்டுட்டு இருந்தேன். அந்தத் தூரத்த எழுத சான்றிதழ்ல எடம் இல்லன்னா, சான்றிதழ்தாங்க சின்னது. என் பொண்ணு இல்ல."