நாலு இருபது

நிருபமா அந்தப் பழைய டிஸ்க்கை வயரில் பொருத்தித் தன் லேப்டாப்பில் செருகினாள். ருக்கு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். உட்காரத் தோன்றவில்லை. உள்ளங்கை அகல இரும்புக்குள் இருபத்திரண்டு வருஷத்து மழை இருந்தது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவள் கணவர் அனந்தபத்மநாபன் மொட்டைமாடியில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, தங்கள் பேட்டையான அடுகோடியில் அன்றன்று பெய்ததை அளந்து, விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தார். போன ஜூனில் அதன் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஒன்பது மாதமாகப் பூட்டியிருந்த அறையைத் திறந்து, கம்ப்யூட்டரைக் கழற்றியது மகள்தான்.

"அழிஞ்சுடப் போறதுடி."

"அழியாது. என்னோடது லினக்ஸ். அப்பா டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் விட்டிருக்கேன், ஒரு எழுத்துகூட அதுமேல எழுத முடியாது. நீ பேசாம சும்னே உக்காரும்மா."

டிஸ்க் கிர்ரென்று சுழல ஆரம்பித்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தினமும் கேட்ட சத்தம். ருக்கு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நிருபமா கோப்புகளும் அவை எழுதப்பட்ட நேரமும் இருந்த பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"அம்மா, அப்பா போன அன்னிக்கு ராத்திரி ஒம்பது அம்பதுக்கு யாரு அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டா?"

அன்று ஒன்பது ஐம்பதுக்கு அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கம்ப்யூட்டரின் ஸ்விட்சை ஆறு மணிக்கே மாப்பிள்ளை கண்ணா அணைத்துவிட்டார். அறையைப் பூட்டியது ருக்குதான். சாவி அவள் இடுப்பில் இருந்தது. விடிய விடிய அதன் முனை குத்திக்கொண்டே இருந்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"யாரும் தொடலையே" என்றாள்.

நிருபமா கோப்பைத் திறந்தாள். அன்றைய தேதி. மாலை: 3.2. அவ்வளவுதான். மழையைத் தவிர அவர் எதையும் எழுதியதில்லை. நிருபமா நேரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, நானும் ஒரு அசடு. பழைய டிஸ்க்குக்கு எந்த ஊர் நேரம்னெல்லாம் தெரியாதும்மா. கம்ப்யூட்டர் கடிகாரம் காட்டறதை அப்படியே குறிச்சு வெச்சுக்கும். என் லேப்டாப் அதை லண்டன் நேரம்னு நெனச்சுண்டு நம்ம ஊருக்காக அஞ்சரை மணி கூட்டிடுத்து. கழிச்சா நாலு இருபது. பயந்துட்டியா?"

ருக்கு உட்கார்ந்தாள்.

வந்து பார்த்த டாக்டர், மூணு மணிக்கே போயிருக்கும் என்றார். அந்த மூணு மணியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் அவளுக்குச் சோறு இறங்கியது. எல்லோரிடமும், "தூங்கறார்னு எட்டிக்கூடப் பாக்காம வெளியே போயிட்டேன்" என்றே சொல்லியிருந்தாள். ஆனால் எட்டிப் பார்த்திருந்தாள். தையல்கார சரளா போன் பண்ணி, "மாமி, கடையை மூடப்போறேன், பிளவுஸ் வேணும்னா இப்பவே வாங்க" என்றது நாலு எட்டுக்கு. அது போனிலேயே இருக்கிறது. எத்தனை தடவை பார்த்திருப்பாள். போனை வைத்ததும் அவர் அறைக் கதவைத் திறந்தாள். மேஜைமேல் தலை கவிழ்ந்திருந்தது. உதடு லேசாக அசைந்ததுபோல் இருந்தது. தூக்கத்தில் முணுமுணுப்பது அவர் வழக்கம்தான். எழுப்பினால் எங்கே, ஏது என்று பத்துக் கேள்வி வரும். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மூணு மணி என்றால் அசைந்தது அவள் பிரமை. நாலு இருபது என்றால்?

"அந்த நேரம் சரியா இருக்குமாடி?"

"எப்படி இருக்கும்? உள்ளே பேட்டரி செத்து எந்தக் காலமோ ஆச்சு. ஆன் பண்றபோதெல்லாம் அப்பாதான் வாட்சைப் பாத்து டைம் போடுவார். அந்த வாட்ச்தான் உலகப் பிரசித்தமாச்சே. எத்தனை நிமிஷம் ஃபாஸ்ட் அது?"

ருக்குவுக்குத் தெரியாது. ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று என்றோ முள்ளைத் தள்ளி வைத்தவர், எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால், "தெரிஞ்சுண்டா நீ மனசுக்குள்ள கழிச்சுடுவே" என்பார். கால் மணி என்றால், அவள் கதவைத் திறக்குமுன்பே எழுதி முடித்துவிட்டார். அஞ்சு நிமிஷம் என்றால், அவள் போன பிறகு நிமிர்ந்து எழுதியிருக்கிறார். பத்து என்றால் —

"எதுக்கும்மா அவ்வளவு கணக்கு?"

ருக்கு எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். குளிப்பாட்டும்போது அவர் மணிக்கட்டிலிருந்து அவளே கழற்றிய வாட்ச். கழற்றியபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தும், எவ்வளவு ஃபாஸ்ட் என்று அவள் நிமிர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இப்போது வாட்ச் ஏழு பத்தில் நின்றிருந்தது; இனி ஒப்பிட வழியில்லை. அதைக் கையில் மூடியபடி மேஜைக்குத் திரும்பி வந்து திருகிச் சாவி கொடுத்தாள். நொடி முள் ஒருமுறை நடுங்கிவிட்டு நகர ஆரம்பித்தது.

"கொடு, சரியான டைம் வெச்சுத் தரேன்" என்று நிருபமா கையை நீட்டினாள்.

"தொடாதே."

மகள் கையை இழுத்துக்கொண்டாள். ருக்கு வாட்சைக் காதோடு வைத்துக்கொண்டாள். ஏழு பதினொன்று ஆயிற்று. மேஜைமேல் டிஸ்க் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.