தொண்டையில் தெரிந்த வெளிச்சம்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. உடல்நலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியை என்னிடம் கேட்டது கட்டுரை. "புற்றுநோய்க்கு அதோட தீனியை மறிச்சு வைத்தியம் பண்றாங்களாமே, அதைச் சாதாரண ஆளுக்குப் புரியுற மாதிரி எழுதிக் கொடுங்க. பயமுறுத்தாதீங்க, பொய் நம்பிக்கையும் கொடுக்காதீங்க" என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து எவ்வளவு குறுகல் என்று தெரியாமல் மண்டையை ஆட்டிவிட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்:

'நம் உடலின் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையை எரித்துச் சக்தி பெறுகிறது. புற்றுநோய்ச் செல்களோ பிற செல்களைவிடப் பல மடங்கு—'

எழுதுகிற எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்தது:

'புற்றுநோய் ஒரு திருடன்—'

இதையும் அடித்தேன். நோயாளியைப் படுக்கப் போட்டுவிட்டு அவர் தலைமாட்டில் நின்று கத்தி வீசும் எழுத்து எனக்கு ஆகாது.

மூன்றாவதில் ஒரு கார் வந்தது. 'கற்றுக்குட்டி ஒருவன் முதல் கியரிலேயே வண்டி ஓட்டுகிறான். ஆக்சிலரேட்டரைப் போட்டு மிதிக்கிறான். பெட்ரோல் தீர்கிறது, வண்டி நகர்வதோ கொஞ்சம். புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் சர்க்கரையை இப்படித்தான் செலவழிக்கிறது. அரைகுறையாக எரித்துவிட்டு மேலும் கொண்டா என்கிறது.' பரவாயில்லையே என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டபோது, கற்றுக்குட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லாமல் கற்றுக்குட்டியிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? அவர்தான் மாஸ்டர். கட்டுரை அந்த இடத்தில் படுத்துவிட்டது.

2

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் பேசிப் பிழைத்தவர். "கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவான்னா மெதுவா. கண்ணாடியைப் பாருங்க, என் மூஞ்சியை இல்ல." அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பது தொழிலுக்கே இழுக்கு என்று நினைப்பார். வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவார். ஓய்வு பெற்றதும் அந்த வாய்க்கு வேலை போயிற்று. இப்போது இரண்டாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. தெருவில் போகும் வண்டி கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டே ஓட்டுகிறவரின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார். சொன்னால் கேட்கத்தான் ஆள் இல்லை.

(மனைவியை என்ன செய்வது? இறந்துவிட்டார் என்று எழுதினால் நீங்கள் உடனே கைக்குட்டையை எடுப்பீர்கள், எனக்கும் வேலை சுலபம். வேண்டாம். பிரிந்து போய் எங்கோ நன்றாகவே இருக்கிறார்.)

மாஸ்டரின் பெருங்குடலில் ஒரு கட்டி. வேறெங்கும் பரவவில்லை என்றால் அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாளும் குறித்துவிட்டார். வேறொரு நாட்டில் இருக்கும் மகள், முன்பெல்லாம் நினைத்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். கட்டி என்றதும் காலையும் மாலையும் கூப்பிடத் தொடங்கினாள்.

"என்னப்பா சாப்பிட்டீங்க?"

"முட்டைம்மா. கொஞ்சம் கீரை."

"ரொட்டி தொட்டீங்களா?"

"இல்லம்மா."

"பழம்?"

"ம்ஹூம்."

"கரெக்ட். சர்க்கரை உள்ள போகலன்னா அது பட்டினியிலயே செத்துடும்பா. எவ்வளவு படிச்சிருக்கேன் தெரியுமா?"

"நீ சொன்னா சரிதாம்மா."

இவ்வளவுதான் பேச்சு. மிச்ச நேரமெல்லாம் அவள் படித்ததைச் சொல்வாள், இவர் 'ம்' கொட்டுவார். ஊரையே பேச்சால் ஓட்டியவர் மகளிடம் வாயில்லாப் பூச்சி. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டார்.

3

இங்கே கட்டுரையைச் செருகுகிறேன். ஆசிரியைக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

மகள் சொன்னது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் மாஸ்டரே சிரித்துத் தள்ளியிருப்பார். செல்லுக்குப் போகும் தீனியை மறிப்பது என்ற எண்ணத்தில் பழுதில்லை. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில், அந்தச் செல்களால் தாமாகத் தயாரித்துக்கொள்ள முடியாத ஒரு சத்தை ரத்தத்திலிருந்து அகற்றும் ஊசியை டாக்டர்கள் வெகுகாலமாகப் போடுகிறார்கள். செல் எரிபொருளைக் கையாளும் வழியில் கோளாறு உள்ள சில புற்றுநோய்களுக்கு மாத்திரைகளும் வந்துவிட்டன. மாவுச்சத்தைக் குறைத்த உணவு, நோன்பு, நீரிழிவு மாத்திரை இவற்றை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.* ஆனால் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துவிட்டால் கட்டி கரைந்துவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

* 'சேர்த்து' என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். அறுவைக்கும் மருந்துக்கும் பதிலாக அல்ல. கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான சொல் அதுதான், அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள்.

டாக்டர் மாஸ்டரிடம் இதை இன்னும் பச்சையாகச் சொன்னார்.

"ரொட்டியை நிறுத்தினா கட்டிக்குப் போற சர்க்கரை நின்னுடாது மாஸ்டர். உங்க ஈரலே தயாரிக்கும். தீனி போதலன்னா உங்க சதையைக் கரைச்சுத் தயாரிக்கும். அதுவும் இல்லன்னா கட்டி வேற எதையாவது தின்னு பொழச்சுக்கும். நீங்க அதைப் பட்டினி போடல, உங்களைப் போடுறீங்க. இன்னும் எடை குறைஞ்சா என்னால கத்தி வைக்க முடியாது. எல்லாம் சாப்பிடுங்க."

மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து முட்டை வேகவைத்தார்.

இங்கே நான் வசமாக மாட்டிக்கொண்டேன். இவர் என்ன மடையரா? 'படிப்பறிவு இல்லாததால் மாஸ்டர்—' என்று ஒரு வாக்கியம் எழுதி, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவருக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருந்தது. பத்தியத்தை விட்டால் மகள் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுவாள், அதுவும் நினைத்துக்கொண்டால். பசியைத் தாங்குவார் மனிதர். ஃபோன் அடிக்காத வீட்டைத்தான் அவரால் தாங்க முடியாது.

(சாப்பிட்டுவிட்டுப் பொய் சொல்லலாமே என்கிறீர்களா? மகள் வீடியோவில் கூப்பிடுகிறவள். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்வாள்.)

4

பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன். கையில் ஊசி போட்டபடி டெக்னீஷியன் பெண் சொன்னாள்.

"இதுவும் ஒரு சர்க்கரைதான் சார். கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்திருக்கோம். எது அதிகமா சர்க்கரை தின்னுதோ அது படத்துல வெளிச்சமா தெரியும்."

"சர்க்கரையா? என் பொண்ணுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா."

"நான் சொல்ல மாட்டேங்க, பயப்படாதீங்க. ஒரு மணி நேரம் இந்த ரூம்ல அசையாம சாய்ஞ்சிருக்கணும். ஃபோனை என்கிட்ட கொடுத்துடுங்க. மெல்லக் கூடாது, பேசக் கூடாது. எந்தத் தசை வேலை செய்யுதோ அதுவும் சர்க்கரையை இழுத்துக்கும், அங்கயும் வெளிச்சம் வந்துடும்."

"தனியா இருக்குற ரூம்ல யார்கூடம்மா பேசப் போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே கனத்த கதவைச் சாத்தினாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு போர்வை. வலப்பக்கம் வெறும் நாற்காலி ஒன்று, யாருக்கென்று தெரியாமல் கிடந்தது. மாஸ்டர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பக்கத்து இருக்கை காலியாக இருப்பது அவரைப் பிடுங்கித் தின்றது. பிறகு தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மகளிடம்தான், அவள் அந்த நாற்காலியில் இருப்பதாக. கீழ்வீட்டுக்காரன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் அழகைச் சொன்னார். குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். மலத்தில் ரத்தம் வந்த அன்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னார். 'ம்' கொட்டிக் கொட்டி உள்ளே தேங்கியதெல்லாம் மடை திறந்தது. கடைசியில்தான் அது வந்தது.

"டாக்டர் எல்லாம் சாப்பிடச் சொல்லிட்டாரும்மா. எனக்குப் பசிக்குது. ரொம்பப் பசிக்குது. நான் சாப்பிட்டா... அதுக்கப்புறமும் கூப்பிடுவியா?"

வெறும் நாற்காலிதான் கேட்டது. ஆனாலும் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று.

('டெக்னீஷியன் கேமராவில் அவர் உதடு அசைவதைப் பார்த்து—' இந்தப் பத்தியை முழுதாக எழுதிவிட்டுக் கிழித்தேன். அவள் பார்த்துவிட்டால், பேசியதை அவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். அவளை வேறொரு நோயாளிக்கு ஊசி போட அனுப்பிவிட்டேன்.)

5

ஸ்கேன் முடிந்து, நடைபாதை பெஞ்சில் காத்திருந்தவரிடம் அவள் வந்தாள்.

"சார், படம் பாக்குற டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. உங்க குரல்வளையில ரெண்டு பக்கமும் வெளிச்சமா இருக்கு. ரூம்ல பேசினீங்களா?"

"இல்லம்மா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்லுங்க. பேசியிருந்தா அது தசைதான்னு வச்சுக்கலாம். பேசலன்னா அதை அப்படியே விட முடியாது. தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும். அறுவை தள்ளிப் போகும்."

தள்ளிப் போனால் எடை இன்னும் இறங்கும். இறங்கினால் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். இதெல்லாம் மாஸ்டருக்குத் தெரியும். ஒரே ஒரு 'ஆமாம்' போதும் என்பதும் தெரியும். ஆனால் அந்த 'ஆமாம்' சொன்னால், அவர் பேசினார் என்று ஆகும். பேசினார் என்றால், பசிக்கிறது என்று சொன்னதும் நிஜமாகிவிடும். சொன்னவர் அப்புறம் அதை மகளிடமும் சொல்லியாக வேண்டும்.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஆமாம் என்கிறார். அறுவை குறித்த நாளில் நடக்கிறது. (ஆசிரியைக்குப் பிடிக்கும். எனக்கு இனிப்பு தூக்கல்.)

இல்லை என்கிறார். குழாய் விடுகிறார்கள், தொண்டையில் ஒன்றுமில்லை. அதற்குள் அவர் பாதி ஆளாகி—

ஆமாம் என்கிறார். பேசியது உண்மைதான், ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் கீழே வேறொன்றும்—

இல்லை. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்றும் தொண்டையைப் பற்றிய முடிவுகள். அந்த மனிதர் தனியாகக் கிடக்கிறாரே, அதற்கு இவற்றில் மருந்தில்லை.

அதனால் அவர்களை நடைபாதையிலேயே விட்டிருக்கிறேன். அவள் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் இருந்த அவருடைய ஃபோன் அடிக்கிறது, மாலை நேரத்து அழைப்பு. அதை அவரிடம் நீட்டியபடி மெதுவாகக் கேட்கிறாள். "யார்கிட்டன்னு நான் கேக்க மாட்டேன் சார். பேசினீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

ஃபோனை வாங்கிக்கொண்டு அவர் வாயைத் திறக்கிறார். வாய்க்குள் இருக்கும் சொல்லை நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் பொறுப்பு. மனதுக்குள் வாசித்தால் ஆகாது, தொண்டைத் தசை வேலை செய்ய வேண்டும். 'ஆமா, பேசினேன், எனக்குப் பசிக்குது' என்று உங்கள் குரலில், நீங்கள் இருக்கும் அறையில், ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அறையில் வேறு யாரும் இல்லையென்றால், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.