ஹூவுக்குப் பின்னால் வருவது

தலைமையாசிரியையின் போன் வந்தபோது சின்னுசாமி ஒரு லாரிச் சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெல்டிங் வைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், மஞ்சுளா டீச்சரைக் கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா? பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க. ஆனா இப்பவே வந்துருங்க." பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அதைவிடப் பயமான சொல் வேறு இல்லை. கையில் இருந்த கரியைத் துடைக்கக்கூட நிற்காமல், நாமக்கல் பட்டறையிலிருந்து ராசிபுரம் பள்ளிக்கூடத்துக்குக் காரை விட்டார்.

பத்தாம் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு அவர் மனைவி மஞ்சுளாவை உட்கார வைத்திருந்தார்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. விரல்களில் சாக்பீஸ் தூள். உள்ளே பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் அப்படியொரு அமைதியைச் சின்னுசாமி கேட்டதே இல்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் மூன்றே இங்கிலீஷ் சொற்கள் இருந்தன. தி உமன் ஹூ. அதற்குப் பிறகு எழுதி எழுதி அழித்ததில் பலகை வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது.

காரில் திரும்பும்போது மஞ்சுளா தன் சாக்பீஸ் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏனுங்க, ஹூ எழுதிட்டேன். அதுக்குப் பின்னால என்னமோ வரோணும். என்ன வரோணும்னு தெரியலீங்க."

"வெயிலு அம்மிணி. காலைல ஒழுங்காச் சாப்பிட்டயா நீ?"

காரணம் வெயில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. கொஞ்ச காலமாகவே வகுப்பில் தான் வாசிக்காமல் பிள்ளைகளை வாசிக்க விட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தாள் என்பதைப் பின்னால்தான் மற்ற டீச்சர்கள் சொன்னார்கள்.

எம்.ஏ., பி.எட். படித்த பெண், ஐ.டி.ஐ. முடித்து லாரிக்கு பாடி கட்டுகிறவனைக் கட்டிக்கொண்டது அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பேச்சாக இருந்தது. பேசியவர்கள் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அவள் ஒருநாளும் வீட்டில் இங்கிலீஷ் பேசிக் காட்டியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சத்திரத்து வீட்டின் முன்னறையில் பத்தாவது பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். சின்னுசாமி உள்ளறையில் முகச்சவரம் செய்துகொண்டே கேட்பார். எத்தனை வருசம் கேட்டாலும் ஒரு பாடம் மட்டும் அவருக்கு அலுக்காது.

"நம்ம தமிழ்ல ஆளு கடைசியிலதான் வருவான் சாமிகளா. நேத்து வந்த, செவப்புச் சட்டை போட்ட, பஸ்ஸைக் கோட்டை உட்ட ஆளு. அதுவரைக்கும் காத்திருக்கோணும். இங்கிலீஷ்காரனுக்கு அவ்வளவு பொறுமை கெடையாது. ஆளை மொதல்ல கொண்டாந்து நிறுத்திருவான். அப்புறம் ஹூன்னு ஒரு கொக்கியைப் போட்டு மத்ததையெல்லாம் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போவான். எங்க ஊட்டுக்காரரு பட்டறையில டிரெய்லர் மாட்டற மாதிரி."

பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு ராகம் போட்டுச் சொல்வார்கள்: மனுசனுக்கு ஹூ, பொருளுக்கு விச், ஒருத்தரோடதுன்னா ஹூஸ். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லத் தெரியாத சின்னுசாமிக்கு அது மட்டும் மனப்பாடம். தன் பட்டறை ஒரு இலக்கணத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பதில் அவருக்கு யாரிடமும் சொல்லாத ஒரு பெருமை இருந்தது.

சேலத்தில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மஞ்சுளாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். "பக்கவாதம் இல்லீங்க. மூளையில பேச்சுக்கான பகுதி மட்டும் சுருங்கிக்கிட்டு வருது. விவரமெல்லாம் இப்போதைக்கு அப்படியேதான் இருக்கும். வார்த்தை ஒவ்வொண்ணாப் போகும்."

"அதுக்கு மாத்திரைங்க?"

"நிறுத்தற மாத்திரைன்னு எதுவும் இல்லீங்க."

மஞ்சுளா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். லிப்ட்டில் இருந்த கண்ணாடியைப் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்தாள். மல்லூர் தாண்டும்போது, "பெங்களூருக்கு இப்பச் சொல்ல வேண்டாங்க. புள்ளை அங்க வேலை பார்க்கட்டும்" என்றாள். மகள் ஜெயப்பிரியாவைத்தான் சொன்னாள். பெயரை ஏன் சொல்லவில்லை என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அர்ஃபா சின்னப் பெண். சேலம் டவுன்காரி. முதல் நாளே கையை நீட்டி மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சருக்கு எது ரொம்பப் பழக்கமோ அதையே தினமும் பேச வையுங்க சார். போன வார்த்தை திரும்பாது. இருக்கறதைக் கொஞ்சநாள் பிடிச்சு வெக்கலாம்" என்றாள். திரும்பாது என்ற சொல்லைச் சின்னுசாமியின் காது எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கைடு ஒன்று வாங்கினார்.

பட்டறையைச் சாயங்காலமே மூடிவிட்டு, குளித்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். இவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசிக்கும்போதே இரண்டு வரிகள் கலந்து போயின.

"தி மேன்... விச்... கேம் எஸ்டர்டே..."

"ஹூ" என்றாள் மஞ்சுளா, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன?"

"மனுசனுக்கு ஹூங்க. விச் இல்லீங்க." நிமிர்ந்து பார்த்து, கண்டிப்பாக, வகுப்புக் குரலில் சொன்னாள்.

சின்னுசாமி கைடை அப்படியே கவிழ்த்து வைத்தார். மகளுக்குப் போன் போட்டார். அதற்குள் அவளுக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். "உங்கம்மா என்னையத் திட்டறா சாமி. தப்பு தப்பாப் படிக்கறேன்னு திட்டறா!" மறுமுனையில் ஜெயப்பிரியா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போயிற்று. நிஜமாகவே வந்த தப்புகள் குறைந்ததும் அவராகத் தப்புச் செய்தார். ஆளுக்கு விச் போட்டார், மாட்டுக்கு ஹூ போட்டார். அவள் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டாள். டாக்டர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா என்று பட்டறையில் எல்லாரிடமும் சொன்னார்.

ஆடி மாதத்தில் ஒருநாள், சாப்பாட்டு நடுவில் மஞ்சுளாவுக்குப் புரையேறியது. "அதை எடுங்க. தண்ணி குடிக்கிற..." என்று கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். உதடுகள் ஏதோ ஒரு வடிவத்துக்குத் தயாராகி, தயாரானபடியே நின்றன.

"டம்ளரா?"

"ஆமாங்க. அதுதானுங்க."

பிறகு அது வழக்கமாகிவிட்டது. காய் அரியற... மழைக்குப் புடிக்கிற... கதவைப் பூட்டற... வழியெல்லாம் சரியாக நடந்து வருவாள். கடைசியில் வரவேண்டிய பெயர் மட்டும் வராது. கத்தியா, குடையா, சாவியா என்று இவர் எடுத்துக் கொடுப்பார். கொடுத்ததும் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி அவள் முகம் தெளியும். முட்டை லாரி ஒன்றுக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் சின்னுசாமிக்குத் திடீரென்று அது விளங்கியது. தமிழில் பெயர் கடைசியில் வருகிறது. அதனால்தான் அவளால் அதுவரைக்குமாவது வர முடிகிறது. இங்கிலீஷில் பெயரை முதலில் நிறுத்த வேண்டும். அவளால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த ஆள் இல்லாமல் ஹூவை எதில் மாட்டுவது? அதனால்தான் இங்கிலீஷ் முதலில் போயிற்று.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாக ஓர் இலக்கணம் தனக்குத் தானாகப் புரிந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்வது? பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. கேட்டால் சந்தோசப்படக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். நேராக வீட்டுக்குப் போனார். அவள் எதிரில் உட்கார்ந்து, டிரெய்லரையும் கொக்கியையும் கையால் காட்டிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். மஞ்சுளா கடைசிவரை கவனமாகக் கேட்டாள். பிறகு, "சரிங்க" என்றாள். விருந்தாளி சொன்ன ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டவளைப் போல மரியாதையாக இருந்தாள்.

அன்று சாயங்காலம் கைடை எடுத்தார். "தி மேன் விச்" என்று வாசித்து நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். அவள் "ம்" என்றாள். இன்னும் மோசமாக வாசித்தார். மேனுக்கு, இடத்துக்கு வரும் வேரைப் போட்டார், விச்சையும் ஹூஸையும் சேர்த்துப் போட்டார், எந்தப் பிள்ளையும் எழுதாத தப்பையெல்லாம் உரக்கப் படித்தார். மஞ்சுளா இனிமையாகப் புன்னகை செய்து, கையெழுத்து நன்றாயிருக்கும் பிள்ளையிடம் சொல்வதைப் போல, "குட்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கைடைத் திறக்கவில்லை.

தீபாவளிக்கு வந்த ஜெயப்பிரியா, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். "அங்க போனா புது ஊடு, புது மொகம். இருக்கற நாலு வார்த்தையும் போயிரும் சாமி" என்றார். "இங்க மட்டும் இருக்குதாப்பா?" என்று கேட்டவள், கேட்டபிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது மஞ்சுளா மகளைப் பார்த்துக் கைகூப்பினாள். ஜெயப்பிரியா அந்தக் கூப்பிய கைகளை இறக்கிவிட்டு பஸ் ஏறினாள். பட்டறையை, உடன் வேலை பார்த்தவனிடமே விட்டுவிட்டுச் சின்னுசாமி வீட்டோடு இருந்துவிட்டார். சோறு வடிக்கப் பழகினார், ஜடை பின்னப் பழகினார். அவளுக்குச் சேலை கட்டிவிட அவருக்குத் தெரியாததால் நைட்டி வந்தது. அதைப் போட்டுக்கொண்ட முதல்நாள் அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

தை பிறந்ததும் மறுபடி சேலத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அர்ஃபா படங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். பூட்டுப் படத்துக்கு மஞ்சுளா சாவி திருகுவதைப் போல விரலைத் திருப்பிக் காட்டினாள். பசுவுக்கு, "பாலு" என்றாள். குடையைப் பார்த்து வெகுநேரம் யோசித்துவிட்டு, தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னுசாமி பக்கத்து நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர்கள் அவர் நாக்கு நுனியில் வந்து வந்து நின்றன.

அர்ஃபா படங்களை ஒதுக்கிவிட்டு அவர் பக்கம் கையைக் காட்டினாள்.

"டீச்சர், இவரு யாருங்க டீச்சர்?"

"அதெல்லாம் எதுக்குங்கம்மா" என்று சின்னுசாமி சிரிக்கப் பார்த்தார். சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று அர்ஃபா கண்ணாலேயே தடுத்தாள்.

மஞ்சுளா நாற்காலியில் முழுசாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். நரைத்த மீசையை, சட்டைப் பையை, முழங்கால்மேல் இருந்த கைகளை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். பேச்சே குறைந்துபோயிருந்தவள், ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைப்பதைப் போலப் பேச ஆரம்பித்தாள்.

"சோறு... ஊட்டி உடற..."

"ஆமாங்க டீச்சர். இன்னும் சொல்லுங்க."

"தலை சீவி உடற. கோணலாச் சீவி உடற..."

சின்னுசாமி சிரித்துவிட்டார்.

"கார்ல... கூட்டியார..." என்று சொல்லி நிறுத்தினாள். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. முடிந்துவிட்டது என்று அர்ஃபா நினைத்தபோது, அவள் குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதைப் போல, "கதவைச் சாத்திக்கிட்டு அழுகற..." என்றாள்.

சின்னுசாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு அழுதது ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

அர்ஃபா பேனாவை எடுக்காமல் காத்திருந்தாள். மஞ்சுளாவின் வலது கை அவரைப் பார்த்து நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக மடங்கி, யாரோ எதையோ அதில் வைக்கப்போகிறார்கள் என்பதைப் போல. அவள் உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. சுவரில் மின்விசிறிக் காற்றுக்குக் காலண்டர் தாள் ஏறி ஏறி இறங்கியது. கை மட்டும் அந்தரத்தில் அப்படியே இருந்தது. சின்னுசாமி அந்த வெறும் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.