பாலத்துக்கு ஒரு இருமல்

ஆங்கிலேயர் ஆண்ட ஒரு தீவின் தலைநகரம் நிக்கோசியா; அதன் சட்டசபையில் கிரேக்க உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். பட்ஜெட் வந்தால் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பாடம்தான்: "இல்லை." போலீஸ்காரனுக்குப் பூட்ஸா? இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிலா? இல்லை. வெட்டுக்கிளிக்கு மருந்தா? வெட்டுக்கிளி வாழட்டும், இல்லை. தீவின் வரிப்பணத்தில் பெரிய பங்கை எவனோ எப்போதோ வாங்கிய கடனுக்கென்று லண்டன் கொண்டுபோகிறது. மிச்சத்தை நம்மைக் கேட்டுச் செலவழிப்பதுபோல் நாடகம் போடுகிறது. அந்த நாடகத்தில் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரே வசனம் "இல்லை". இது தலைவர் தியோஃபானிஸ் வக்கீலின் வாதம். வாதத்தில் சொத்தை கிடையாது.

எதிர்வரிசையில் ஒன்பது ஆங்கில அதிகாரிகளும் மூன்று துருக்கி உறுப்பினர்களும் "ஆம்" என்பார்கள். அதுவும் பன்னிரண்டு. தராசு நடுவில் வந்து நிற்கும். கவர்னர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தன் ஒற்றை ஓட்டை "ஆம்" பக்கம் போடுவார். செலவு பாஸாகிவிடும். வேண்டாம் என்றவனுக்கு மானம் மிஞ்சும், வேண்டும் என்றவனுக்குப் பணம் மிஞ்சும். வாங்கியவனும் விற்றவனும் ஒரே நாளில் லாபம் பார்க்கிற சந்தை உலகத்தில் வேறெங்கும் இல்லை. அந்தச் சந்தையை நம்பித்தான் லோயிசோஸ் தன் பாலத்தை வாங்கப் புறப்பட்டார்.

அவர் கலோமிலோஸ் ஊரின் கரோப் என்னும் இனிப்புக் காய் வியாபாரி. மழைக்காலத்தில் அந்த ஊருக்கும் உலகத்துக்கும் நடுவில் ஆறு வந்து படுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மழையில் மனைவி மரிக்கூவுக்குப் பிரசவம் சிக்கலானது. ஆள் அனுப்பினார், டாக்டரும் வந்தார். அக்கரைவரை வந்தார். குதிரையைப் பிடித்தபடி இருட்டும்வரை நின்றார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் வெள்ளம் வடிந்தது. டாக்டருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

லோயிசோஸ் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேர்தலுக்கு நின்றார்.

ஜெயித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. செலவை மறுக்கத்தான் உறுப்பினருக்கு உரிமை. கேட்க உரிமை கிடையாது. கேட்பது கவர்னரின் ஆட்கள் மட்டும். ஆகவே லோயிசோஸ் பொதுப்பணி அதிகாரி வீட்டுப் பின்வாசலில் மூன்று குளிர்காலம் நின்றார். பால் ஊற்றி ஆறவைத்த தேநீரைக் குடித்தார். அதிகாரியின் நாயைப் போல அறிவுள்ள பிராணியைத் தான் கண்டதில்லை என்று சத்தியம் செய்தார். நான்காம் வருஷம் பட்ஜெட்டில் ஒரு வரி ஏறியது: கலோமிலோஸ் ஆற்றுக்குக் கல்பாலம்.

தான் மன்றாடி வாங்கிய வரிக்குத் தானே "இல்லை" சொல்ல வேண்டும். அதனால் என்ன? சபையில் பாதி வேலை அப்படித்தான் நடக்கிறது.

அன்று சாயங்காலம் சத்திரத்து முற்றத்தில் ஷெவ்கெத் எஃபெந்தியோடு உட்கார்ந்து தாவ்லி என்ற பகடையாட்டம் ஆடினார். எஃபெந்தி என்பது துருக்கியர் மரியாதைச் சொல். ஷெவ்கெத் தோல் வியாபாரி, துருக்கி உறுப்பினர்கள் மூவரில் ஒருவர். ஊர் சகிஸ்லி, அதே ஆற்றின் அக்கரையில், மேல்பக்கம். இரண்டு பேரும் ஒரே மோட்டாரில் வாடகையைப் பங்குபோட்டுத் தலைநகரம் வருவார்கள், ஒரே சத்திரத்தில் தங்குவார்கள். சபைக்குள் போனால் மட்டும் முகம் தெரியாது. தேர்தலுக்கு முந்தியே சந்தையில் தொடங்கிய பன்னிரண்டு வருஷப் பழக்கம். மற்றபடி அந்தப் பெரிய ஊரில் லோயிசோஸ் வாய்விட்டுப் பேச ஒரு ஆள் இல்லை.

"நாளைக்கழிச்சு என் பாலம் வருது, கும்பாரே," என்றார் லோயிசோஸ், பகடையை உருட்டியபடி. ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தகப்பன் ஆனவர்கள்தான் அப்படி அழைத்துக்கொள்வார்கள். இருவருக்குள்ளும் அந்த உறவு இல்லை, பழக்கத்தில் வந்தது. "நான் இல்லைம்பேன். நீ ஆமாம்பே. கல்லு தானா வந்து எறங்கிரும்."

"பாலம் உனக்கு. பேரு உனக்கு. கவர்மெண்டு ஆட்டுக்குட்டிங்கிற பட்டம் எனக்கு. நல்ல பாகப்பிரிவினை."

"எப்பவும் நடக்கறதுதானே."

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டேன். இந்த வருஷமும் அந்தப் பொதுப்பணி அதிகாரி அடிச்சுட்டான். பசங்க குடை பிடிச்சுக்கிட்டுக் கணக்குப் போடுதுங்க. ஊர்ல என்னைக் கேக்கறாங்க: கிரேக்கனுக்குப் பாலம் வாங்கிக் குடுக்கவா உன்னை அனுப்பினோம்?"

"நீ என்ன சொன்ன?"

"அதை விடு. பகடையைப் போடு."

லோயிசோஸ் சிரித்தார். பகடையில் இரண்டு ஆறு விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டார். ஒரு மூட்டை காய்க்கு அரை நாள் பேரம் பேசுகிற மனுஷன், அந்த ஓட்டுக்கு என்ன விலை என்று கேட்கவில்லை. பழகின கடையில் சரக்கு சும்மா கிடைக்கும் என்று நினைத்துவிட்டார்.

ஓட்டெடுப்பு நாளன்று காலையில் ஷெவ்கெத்தின் நாற்காலி காலி. காய்ச்சல் என்று எழுத்தர் வாசித்தார்.

தியோஃபானிஸ் வக்கீலின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் சாய்ந்தார்.

"பாத்தீங்களா லோயிசோ? எதிர்ல ஒரு தலை குறைவு. இன்னைக்கு நிஜமாவே ஜெயிக்கப் போறோம்."

ஜெயித்தார்கள். செயலாளர் மாளிகைக்குத் திரைச்சீலை: பதினொன்றுக்குப் பன்னிரண்டு, தோல்வி. அரசாங்கக் குதிரைக்கு வைக்கோல்: தோல்வி. எழுத்தர்களுக்குச் சம்பளம்: தோல்வி. மேலே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். பல வருஷமாக வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்திருக்கிறது. குற்றம் சொல்ல முடியாது. லோயிசோஸ் ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்றார். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி இறங்கியது.

"வக்கீலய்யா," என்றார் மெதுவாக. "அடுத்தது பாலம்."

"வரட்டும்."

"அதை மட்டும் விட்டுரலாமே."

"விடறதா? ஒண்ணை விட்டா மத்ததுக்கெல்லாம் என்ன அர்த்தம்? கவலைப்படாதீங்க, நாம தோக்கடிச்சதை லண்டன் உத்தரவு போட்டுத் திருப்பிக் குடுத்துரும். எப்பவும் செய்யறதுதான்."

"சம்பளத்தைத் திருப்பிக் குடுப்பான். வைக்கோலையும் குடுப்பான். கலோமிலோஸ் ஆத்தை லண்டன்ல எவனுக்குத் தெரியும்?"

"தேசத்தைவிட ஆறு பெரிசா லோயிசோ?"

மழைக்காலத்தில் பெரிது என்று சொல்ல நினைத்தார்.

எழுத்தர் பாலத்தின் வரியை வாசித்தார். லோயிசோஸின் வியாபாரப் புத்தி வேலை செய்தது. "ஆம்" சொன்னால் துரோகி. "இல்லை" சொன்னால் பாலம் போச்சு. எதுவும் சொல்லாமல் ஒருவன் வெளியே போய்விட்டால்? பதினொன்றுக்குப் பதினொன்று. தராசு சமம். கண்ணாடி துடைக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

அவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பெரிதாக இருமினார். எழுந்தார். தியோஃபானிஸ் அவர் கோட்டு நுனியைப் பிடித்தார், நுனி நழுவியது. கதவைத் தாண்டியும் இருமிக்கொண்டே போனார், நம்புவதற்கு ஆள் இல்லாத இடம் வரைக்கும்.

முற்றத்தில் யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் ஷெவ்கெத் எஃபெந்தி உட்கார்ந்திருந்தார்.

லோயிசோஸின் இருமல் நின்றுவிட்டது.

"உனக்குக் காய்ச்சல்னாங்க."

"ஆமா. வெயில்ல உக்காந்தா தேவலைன்னு வந்தேன்."

"எப்பத்துலேருந்து?"

"கதவு தெறந்ததுலேருந்து. உள்ள போனா உனக்கு ஆமாம்பேன், ஊருக்குத் திரும்ப முடியாது. சத்திரத்துலயே படுத்திருக்கலாம்னா மனசு கேக்கல. எந்திரிக்கறதும் உக்காரறதுமா இருக்கேன். காவல்காரன் எனக்கு மூலம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான்."

லோயிசோஸ் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "லோயிசோஸ்" என்ற பெயர் வந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார், அப்போதும் இல்லை. செத்தவன் பெயரைக் கேட்பதுபோல் லோயிசோஸ் கேட்டுக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து "ஷெவ்கெத்" என்றார்கள். அதற்கும் பதில் இல்லை.

"நான் வெளிய வருவேன்னு உனக்குத் தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமா உங்கூடப் பேரம் பேசறேன். சொந்தக் காசை நீ கடைசியிலதான் எடுப்ப. ஆனா எடுப்ப."

உள்ளே பதினொன்றுக்குப் பதினொன்று என்று வாசித்தார்கள். பிறகு கவர்னரின் குரல், ஒரே ஒரு சொல். அதன்மேல் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் கூச்சலும்.

பாலம் பாஸாகிவிட்டது.

"கும்பாரே," என்றார் லோயிசோஸ். "அந்தப் பள்ளிக்கூடக் கூரை..."

"இப்பக் கேக்காத." ஷெவ்கெத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நம்ம ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல பாத்தா, பேசிவெச்சுச் செஞ்சோம்பாங்க. நீ அந்தப் பக்கமாப் போ."

அவர் இந்தப் பக்கமாகப் போனார். சாயங்காலம் சத்திரத்தில் ஷெவ்கெத் காலிசெய்துவிட்டுப் போன அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். லோயிசோஸ் ஊர் திரும்பியபோது மோட்டார் வாடகை முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

தலைநகரத்துப் பத்திரிகை அவருக்கு "திருவாளர் இருமல்" என்று பெயர் வைத்தது. பெயர் அவருக்கு முன்னால் ஊர்போய்ச் சேர்ந்திருந்தது. அவர் காபிக்கடைக்குள் நுழைந்தால் முதலில் ஒருவன் இருமுவான், பிறகு எல்லா மேஜையும் இருமும். காபி வரும்; பக்கத்து நாற்காலிக்கு ஆள் வராது. அடுத்த தேர்தலில் தியோஃபானிஸ் நிறுத்திய செருப்புக்கடைக்காரன் ஜெயித்தான். இரண்டு கோடையில் பாலம் எழும்பியது. கல்வெட்டில் கவர்னர் பெயர் இருந்தது. திறப்பு விழாவுக்கு எல்லோரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்தார்கள். துரோகத்தால் வந்த பாலம் என்று நடக்காமல் இருந்தவன் ஒருவனும் இல்லை. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். இங்கே கடக்கும்போதே இருமினார்கள்.

முதல் மழைக்கு ஆறு கரைபுரண்டது. காபிக்கடைக்காரன் மனைவிக்கு வலி கண்டது. அதே டாக்டர், இப்போது தலை நரைத்தவர், வண்டியில் பாலத்தைக் கடந்து வந்தார். வாசலில் நின்றிருந்த லோயிசோஸைப் பார்த்துச் சவுக்கைக் கொஞ்சம் உயர்த்தினார். நிறுத்தவில்லை, அவருக்கு அவசரம். மத்தியானம் ஆண்குழந்தை என்று சேதி வந்தது. கடைக்காரன் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். லோயிசோஸ் வீட்டைத் தாண்டும்போது தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

மழை விட்டதும் லோயிசோஸ் கோவேறு கழுதைக்காரன் ஹம்பிஸைக் கூப்பிட்டார். நல்ல பைன் உத்தரங்களாகப் பார்த்து வாங்கி, கழுதைகள்மேல் ஏற்றி, சகிஸ்லிக்கு அனுப்பினார். ஷெவ்கெத் எஃபெந்தியிடம் கொடு, பள்ளிக்கூடக் கூரைக்கு என்று சொல் என்றார்.

மூன்றாம் நாள் கழுதைகள் உத்தரங்களோடு பாலத்தில் திரும்பி வந்தன.

"என்னடா, போன மாதிரியே வருது?"

"கூரை போன வருஷமே போட்டாச்சாம் ஐயா. ஊர்க்காரங்க கைக்காசுல."

"எஃபெந்தி என்ன சொன்னார்?"

"'சரக்கு நல்ல சரக்கு, சந்தை கலைஞ்சப்புறம் வந்திருக்கு'ன்னு சொல்லச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"காபி குடுத்தாரு. கெளம்பறப்ப, 'உங்க ஐயாவுக்கு இருமல் எப்படி இருக்கு'ன்னு கேட்டாரு."

"கேலியாக் கேட்டாரா?"

ஹம்பிஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே யோசித்தான். "தெரியலையே ஐயா. அவர் சிரிக்கல."

"நீ என்ன சொன்ன?"

"ஊர்ல எல்லாரும் இருமறாங்க, ஐயா இருமி நான் பாத்ததில்லேன்னேன்."

லோயிசோஸ் ஒரு உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உத்தரத்தை எங்க எறக்கட்டும்?"

"பாலத்துக்கிட்டப் போடு."

"மழையில நனைஞ்சிருமே."

"நனையட்டும். உக்கார ஆகும்."

உத்தரங்களை அடுக்கிவைத்துவிட்டு ஹம்பிஸ் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனான். லோயிசோஸ் அவற்றின்மேல் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சகிஸ்லிப் பாதை வளைவுவரை தெரியும். இருட்டுவதற்குள் இரண்டு பேர் பாலத்தைக் கடந்து வந்தார்கள். இருவரும் உள்ளூர்க்காரர்கள். இருமிவிட்டுப் போனார்கள்.