கூரைக்கு மேலே நின்ற நட்சத்திரம்

எனக்கு வாய் நீளம். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இருபது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு அது தொழில் வியாதி. அந்த வாயால்தான் ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்தேன்.

1998, கார்த்திகைக் கடைசி. கொல்லிமலையில், பெரக்கரை நாடு என்கிற பகுதியில், அப்பாசாமி என்ற விவசாயியின் வீட்டையும் மரவள்ளிக் காட்டையும் ஒட்டி ஒரு பாறை. அங்கேதான் என் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தேன். வெளிச்சத்தை அளக்க நானே செய்த கருவியும் அதில் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் முள் இறங்கும், கூடினால் ஏறும். வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நட்சத்திரத்தை அளந்துகொண்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மாறாத நட்சத்திரம் ஒன்று வேண்டுமே, அதற்காக வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

இந்த வேலைக்குப் புகை ஆகாது, வெளிச்சத்தை மறைத்துவிடும். நான் வரும் நாட்களில் ராத்திரி பத்து மணிவரை அடுப்புப் பற்றவைக்க வேண்டாம் என்று அப்பாசாமியிடம் கேட்டிருந்தேன். கேட்டிருந்தேன் என்ன, உத்தரவே போட்டிருந்தேன். "அதுக்கென்னங்க சார்" என்றார். அவர் மனைவி மாராயி பொழுது சாய்வதற்குள் களி கிண்டி இறக்கிவிட்டு அடுப்பில் தண்ணீர் தெளித்துவிடுவாள். மலைக் குளிரில் ஒரு குடும்பம் தீ இல்லாமல் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்குத்தான் ஸ்வெட்டர் இருந்ததே!

அன்று ஏழு மணிக்கு, மாறாத அந்த நட்சத்திரத்துக்கு முள் இறங்கியது. நூறில் ஒன்றரைப் பங்கு. திரும்பத் திரும்ப அளந்தேன், ஏறவில்லை. பக்கத்து நட்சத்திரங்களில் இந்தக் குறை இல்லை. தொலைநோக்கி நீட்டியிருந்த திசையைப் பார்த்தேன். அது சரியாக அப்பாசாமி வீட்டுக் கூரைக்கு மேலே நின்றது. எனக்கு அது போதும்.

வாசலில் போய் நின்று, "அடுப்புப் பத்த வெச்சீங்களா?" என்று கத்தினேன்.

"இல்லீங்க சார்" என்றார் அப்பாசாமி. "வந்து தொட்டுப் பாருங்க, சில்லுனு கெடக்குது. இவ பச்சை ஒடம்புக்காரி. இவளுக்கு வெந்நி வெக்கக்கூட, நீங்க முடிக்கட்டும்னு காத்துட்டிருக்கறோமுங்க."

உள்ளே மாராயி குழந்தையை மார்போடு அணைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள். இரண்டு எட்டு வைத்தால் அடுப்பைத் தொட்டிருக்கலாம். நான் தொடவில்லை.

"கருவி பொய் சொல்லாதுப்பா. மனுசன்தான் சொல்லுவான்."

அப்பாசாமியின் முகம் கறுத்துவிட்டது. "கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேனுங்க."

"வேண்டாம், அதுவும் புகையும்" என்றேன். அந்தக் கேலியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பத்து மணிவாக்கில் முள் பழையபடி ஏறியது. நான் திட்டியதும் அணைத்திருப்பார்கள், புகை அடங்க இவ்வளவு நேரம் என்று முடிவுகட்டினேன். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செங்கோடன் டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் அந்த அளவுகளைச் சிவப்பு மையால் அடித்தேன். தொலைநோக்கியோடு இறங்கியவன் பிறகு மலை ஏறவில்லை.

2000 ஆடியில் கல்லூரி நூலகத்தில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைப் புரட்டினேன். வியாழனைப் போன்ற பெரிய வாயுக் கோள் ஒன்று தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றுகிறதாம். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இடைவெளி. ஒரு சுற்றுக்கு மூன்றரை நாள். நட்சத்திரத்துக்கு முன்னால் அது வரும்போதெல்லாம் மூன்று மணி நேரம் வெளிச்சம் குறைகிறது, நூறில் ஒன்றரைப் பங்கு. படத்தைப் பார்த்தேன். என் நட்சத்திரம்.

நோட்டை எடுத்து, மூன்றரை நாள் கணக்கில் பின்னோக்கி எண்ணினேன். அந்த நாளில் வந்து நின்றது. வேறொரு நட்சத்திரத்துக்கு இப்படிக் கிட்டத்தில் ஒரு கோள் உண்டு என்று சில வருடம் முன்பே செய்தி வந்ததுதான். நம்பாமல் வகுப்பில் கிண்டல் செய்தவன் நான். அவ்வளவு பெரிய கோள் அவ்வளவு பக்கத்தில் இருக்காது, ஆனால் ஏழை விவசாயி பொய் சொல்வான்! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கு முந்திப் பார்த்தும் கோட்டைவிட்டேனே என்றுதான் முதலில் அழுதேன். அப்பாசாமியின் நினைவு பிறகுதான் வந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். வீட்டுக்கு வழி மறந்துபோய் ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"எந்த அப்பாசாமிங்க? புகை அப்பாசாமிங்களா?"

தலையை ஆட்டிவிட்டு, அவள் கைகாட்டிய பக்கம் நடந்தேன்.

அப்பாசாமி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நான் பத்த வெக்கலீன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? டீக்கடையில சொன்னீங்கல்ல, அங்க வந்து சொல்லுங்க."

மாராயி என்னைப் பார்க்காமல் பேசினாள். "எம்பட புள்ளையக்கூடப் புகையான் மவள்னுதான் கூப்படறாங்க. அவளுக்கு இன்னும் பேச்சே வல்லீங்க."

மூன்று பேருமாக டீக்கடைக்குப் போனோம், நானும் அவரும் குழந்தையும். கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எரியும் பல்புக்கு முன்னால் ஒரு மிளகைக் கொண்டுபோய்க் காட்டி விளக்கினேன். தப்பு என் மேல்தான், இவர் சத்தியவான் என்று உரக்கச் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது.

செங்கோடன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஏனுங்க, அந்தக் கோளு எதுல ஆனதுங்க? கல்லுங்களா, மண்ணுங்களா?"

"இரண்டும் இல்லை. முழுக்க வாயு. கொதிக்கிற வாயு."

"அட, அப்பப் புகைதானுங்களே!"

கடையே அதிர்ந்தது. "அப்பாசாமி, உன்ற ஊட்டுப் புகை எவ்வளவு தூரம் போயிருக்குது பாரு!" என்று ஒருவர் பெஞ்சைத் தட்டினார். இல்லை, அது வேறு, இது வேறு என்று மேசையைக் குத்தினேன். நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தோளிலிருந்த குழந்தையும் கைதட்டிச் சிரித்தது. அப்பாசாமி அதன் கைகளை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"வாரேனுங்க சார்" என்று நடந்தார். நான் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தேன்.