சத்தம் போடாத கருவி

தெருக்கதவைத் திறக்க மெதர் ஒரு மோட்டார் பொருத்தியிருந்தான். அலைபேசியில் விரலை வைத்தால் கதவு தானாக விலக வேண்டும். அன்று குளிர் மைனஸ் பதினெட்டு, கதவு விலகவில்லை. குபாத் தெருவில் நின்றபடி, உள்ளே மோட்டார் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் மெதரின் அம்மா சைரா ஒரு சுத்தியலோடு வந்தாள். மோட்டாரின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கதவைக் கையால் இழுத்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. குளிராச்சே, கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"சுத்தியல் நல்லா வேலை செய்யுது அத்தை."

அவள் சிரித்தாள். அவன் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

குபாத் சைராவின் மகள் ஜிபாரைக் கட்டியவன். ஜிபார் ரத்தப் புற்றுநோயில் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடலாமா என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாததால் அப்படியே கூப்பிட்டார்கள். அவனும் கூப்பிட்டபோதெல்லாம் வந்தான். முப்பத்தொரு வயது. பிஷ்கெக் நகர ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளன். குளிர்காலம் முழுக்க அவன் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: நிலக்கரி அடுப்பு உள்ள வீடுகளிலிருந்து மயங்கிக் கிடப்பவர்களை வெளியே இழுப்பது. சிலரை உயிரோடு, சிலரைப் பிணமாக.

இன்று மெதரின் மகளுக்கு நாற்பது நாள் முடிகிறது. நாற்பது கரண்டி தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நாற்பது துண்டுத் துணியில் தைத்த சட்டையைப் போட்டுவிட்டால் குழந்தையை இனி ஊர் பார்க்கலாம். உள்ளே அதற்குள் இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொதிக்கும் எண்ணெயின் வாசனையும் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரியும் சத்தமும் வாசல்வரை வந்தன.

"அத்தான்!" மெதர் அவன் மேலங்கியைக்கூடக் கழற்ற விடவில்லை. "முதல்ல இதைப் பாருங்க."

கல்லூரியில் படித்துவிட்டு நல்ல வேலையையும் விட்டவன் மெதர். டோர்டாய் சந்தையில் கிலோக் கணக்கில் சீனச் சில்லுகளை வாங்கி வருவான். இரவு பகலாக ஈயம் உருக்குவான். செய்து முடித்ததும் படம் பிடித்து இணையத்தில் போடுவான். நாலாயிரம் பேர் பார்ப்பார்கள். "சபாஷ் தம்பி" என்று எழுதுவார்கள். அந்த நாலாயிரம் பேரில் ஒருவனாவது அவன் வீட்டுக் குளியலறையில் விளக்கு எரிய மூன்று முறை கைதட்டிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டான் என்று குபாத் நினைப்பதுண்டு.

பெரிய அறையின் மூலையில் செங்கல் அடுப்பு. புகைபோக்கிக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தகடு. தகட்டைத் தள்ளி மூடினால் சூடு அறைக்குள்ளேயே தங்கும். அந்தத் தகட்டில் இப்போது இன்னொரு மோட்டார் இருந்தது.

"அறை இருபத்தாறு டிகிரி ஆனா தகடு தானா மூடிக்கும். வாரத்துக்கு அரை மூட்டை கரி மிச்சம் அத்தான்!"

"தகட்டுல ரெண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை ஒண்ணு இருக்குமே."

"அடுப்புக் கட்டின கிழவன் விட்டுட்டுப் போனது. சூடெல்லாம் அது வழியாப் போயிட்டிருந்தது. வெல்டிங் வெச்சு அடைச்சிட்டேன்."

கிழவன் அந்த ஓட்டையை மறந்துபோய் விடவில்லை. ஊரில் எந்த அடுப்புக்காரனும் அதை மறக்கமாட்டான். தகடு மூடிக் கிடந்தாலும் விஷவாயு போக ஒரு வழி வேண்டும் என்பதற்காக விடுவது. குபாத் அடுப்பைப் பார்த்தான். அதற்கு நாலடி தள்ளித் தொட்டில்.

"மெதர். தொட்டிலை அந்தப் பக்கத்து ரூமுக்கு மாத்து. ஓட்டையைத் திரும்பப் போடு. கடையில விஷவாயு வந்தா கத்தற கருவி விக்கிறான், ஒண்ணு வாங்கி மாட்டு. உன்கிட்ட நான் கேக்கறது இது மூணுதான்."

"கடைக் கருவியா?" மெதர் தொட்டிலுக்கு மேலே சுவரைக் காட்டினான். வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு. அதன்மேல் மையால் 'ஜிபார்-2' என்று எழுதியிருந்தது. "அக்கா பேருதான் வெச்சிருக்கேன்."

குபாத் அந்த எழுத்துகளைப் பார்த்தான். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். ஒன்றும் தோன்றவில்லை. இது இரண்டு என்றால் ஒன்று எங்கே போயிற்று என்றுதான் தோன்றியது.

"ஒண்ணு என்னாச்சு?"

"எரிஞ்சு போச்சு. இது அப்படியில்ல, இது கத்துக்கும். அம்மா வெள்ளிக்கிழமையானா திருஷ்டிக்கு ஆர்ச்சாத் தழையைக் கொளுத்திப் புகை போடுவாங்கல்ல? ஆரம்பத்துல அந்தப் புகைக்கே வீட்டை ரெண்டாக்கும். அம்மா துடைப்பத்தைத் தூக்கிட்டாங்க. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ரூம் முழுக்கப் புகை நிக்கறப்போ பட்டனை அமுக்கி, இதுதான்டா இந்த வீட்டுச் சுத்தக் காத்துன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப அதுவே வாராவாரம்…"

மெதர் பேசிக்கொண்டே போனான். குபாத் கேட்பதை நிறுத்தியிருந்தான். மெதர் பேச ஆரம்பித்தால் கேட்பதை நிறுத்துவது அவனுக்குப் பழக்கம். முட்டாள்தனத்துக்குள் நுணுக்கம் தேடுவதில் என்ன இருக்கிறது?

"தொட்டிலை மாத்து," என்று மறுபடி சொன்னான்.

"பக்கத்து ரூம் பதினாறு டிகிரி அத்தான். பிள்ளை விறைச்சுப் போகும்."

அதற்குள் சைரா கூப்பிட்டாள். எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். குபாத்தை மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்து, தேநீரைக் கையில் திணித்தார்கள். மருமகனுக்கு உள்ள மரியாதை. அவன் குடித்தான்.

அறை சூடாக இருந்தது. இருபத்தைந்து உடம்புகள், அண்டாவில் கொதிக்கும் ஆட்டிறைச்சி, கரி அடைத்த அடுப்பு. மூலையில் மோட்டார் மெல்ல உறுமியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெதர் மட்டும் பார்த்துவிட்டுப் பெருமையாகப் புன்னகை செய்தான்.

அரைமணி கழித்துத் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துத் தாமிரப் பாத்திரத்தில் படுக்கவைத்தார்கள். பெண்கள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்து, முறைக்கு ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றி, முறைக்கு ஒரு வாழ்த்துச் சொன்னார்கள். நீண்ட ஆயுள். நல்ல புருஷன். பாட்டியோட மூக்கு வரக்கூடாது. சிரித்தார்கள்.

"பாருடி, அழவே இல்ல!"

"தங்கம்! என் பேத்தி கத்தின கத்துல கூரையே போச்சு."

"சமத்து. அப்பன் மாதிரி இல்ல."

சைராவின் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"எனக்கும்தான்," என்றாள் இன்னொருத்தி. "இத்தனை கண்ணு இருக்கு, பிள்ளை மேல திருஷ்டி விழாம என்ன செய்யும்? சைரா, ஆர்ச்சா எடு."

சைரா தழையைக் கரித்துண்டில் கொளுத்திப் புகையைக் குழந்தையைச் சுற்றி மூன்று முறை காட்டினாள். குழந்தையின் அம்மா பெகிமாய் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள். "பிரசவிச்ச உடம்பு, நெய் ஒத்துக்கலை," என்றார்கள்.

குபாத்துக்கும் தலை வலித்தது. பதினான்கு மாதமாக அவனுக்குத் தலை வலிக்கிறது. அதனால் அவன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முப்பத்தொன்றாவது கரண்டி. முப்பத்திரண்டு. ஒரு பெண் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு, செல்லமாகக் குழந்தையின் கையை எடுத்து முத்தமிட்டாள். விட்டாள். அந்தக் கை நனைந்த துணி விழுவதுபோல் பாத்திரத்தின் விளிம்பில் விழுந்தது.

குபாத் அந்தக் கையைப் பார்த்தான். சுவரில் பச்சை விளக்கைப் பார்த்தான். அடுப்புக்கு மேலே தகட்டைப் பார்த்தான். மெதர் சொல்லி, அவன் கேட்டு முடிக்காத வாக்கியம் இப்போது மொத்தமாக வந்து சேர்ந்தது: வாராவாரம் அதுவே புதுசாக அளவு எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், புகைக்கு நடுவே, இதுதான் சுத்தக் காற்று என்று.

அவன் மேசைமேல் ஏறித் தாண்டினான். கோப்பைகள் உருண்டன. குழந்தையைப் பாத்திரத்திலிருந்து அள்ளி, மேலங்கிக்குள் செருகினான்.

"எல்லாரும் வெளியே! இப்பவே! ஷூ போடாதே, போ! ஜன்னலை உடை மெதர்!"

"மாப்பிள்ளை! இன்னும் எட்டுக் கரண்டி இருக்கு! நாப்பது முடியாம பிள்ளையை வாசப்படி தாண்டவிடக் கூடாது!"

"உள்ளேயே இருந்தா முப்பத்திரண்டோட முடிஞ்சிடும் அத்தை."

முற்றத்தில் பனிமேல் காலுறையோடு இருபத்தைந்து பேர் நின்றார்கள். இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பெகிமாய் ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கப் பார்த்தாள். குபாத் கொடுக்கவில்லை. ஒரு கையால் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போன் செய்தான், மறு கையால் குழந்தையின் பாதத்தைச் சுண்டினான். சுண்டினான். மறுபடி சுண்டினான். சைரா கையில் இன்னும் கரண்டி இருந்தது. அதிலிருந்த தண்ணீர்மேல் மெல்லிய பனித்தோல் படர்ந்துகொண்டிருந்தது.

ஏழாவது முறை சுண்டியபோது குழந்தை முகத்தைச் சுளித்தது. அப்புறம் ஒரு பூனைக்குட்டிச் சத்தம். அப்புறம் அழுதது. ஆம்புலன்ஸ் வரும்வரை அழுதது. யாரும் சமத்து என்று சொல்லவில்லை.

வந்தவர்கள் குபாத்தோடு வேலை செய்பவர்கள். அதிகம் கேட்கவில்லை. குழந்தைக்கும் தாய்க்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். "பிழைச்சிடும். ரெண்டு நாள் வெச்சுப் பாப்பாங்க," என்று ஓட்டுநர் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சைராவும் ஏறிக்கொண்டாள்.

மெதர் முற்றத்தில் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் பச்சையாகவே எரிந்தது.

"அத்தான்… அந்த வெள்ளிக்கிழமை வரியை எடுத்துட்டா போதும். ப்ரோக்ராம்ல ஒரே ஒரு வரிதான்…"

குபாத் அவனை அடிக்கவில்லை. அதற்கு ஏதாவது உள்ளே இருக்க வேண்டும்.

"இது மாதிரி எத்தனை செஞ்சே?"

மெதர் பெட்டியை மறுபடி திருப்பினான்.

"எத்தனைடா?"

"இந்தத் தெருவுல ஒன்பது. சும்மாதான் குடுத்தேன். காசு வாங்கலை அத்தான்."

"நட."

முதல் வீட்டில் மெதர், "கொஞ்சம் புதுப்பிக்கணும்கா," என்றான். சீக்கிரம் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டிலும் அதையேதான் சொன்னான். மூன்றாவது வீட்டுக்கு முன்னால் குபாத் நின்றான்.

"இங்க உண்மையைச் சொல்லு. இல்லேன்னா நான் உன் பெண்டாட்டிகிட்ட போய்ச் சொல்றேன், நீ தெருவுக்கெல்லாம் என்ன சொல்லிட்டு வந்தேன்னு."

கதவைத் திறந்தவர் ஒரோஸ்பெக், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"பெரியப்பா, அந்தக் கருவியைக் கழட்டணும்." மெதர் தரையைப் பார்த்தான். "அது ஒண்ணுத்துக்கும் ஆகாது. நான் தப்பாச் செஞ்சிட்டேன். என் பிள்ளை இப்ப ஆஸ்பத்திரியில இருக்கு."

"ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

"அடுப்பு வாயு. இது கத்தவே இல்ல."

"அதான்பா இதோட நல்ல குணமே!" ஒரோஸ்பெக் அவன் தோளில் தட்டினார். "ரெண்டு குளிர்காலமா ஒரு சத்தம் கிடையாது. உன் வீட்டு அடுப்பு கோளாறா இருக்கும், என்னைக் கேட்டா. கருவி தங்கம். என் பையன் கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்தான், நாலாயிரம் சோம் குடுத்து. தினம் காலைல அடுப்பைப் பத்தவெச்சா உடனே கத்தும். மனுஷன் டீ குடிக்க முடியாது. பேட்டரியை உருவி கடிகாரத்துக்குப் போட்டுட்டேன். வேணும்னா அதைத் தூக்கிட்டுப் போ."

மெதரும் குபாத்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குபாத் அவரைத் தள்ளிக்கொண்டு, காலணியோடு உள்ளே நுழைந்தான். கம்பளத்தின்மேல் பனிச்சேறு வரிசையாகப் பதிந்தது.

"ஷூ! ஷூவைக் கழட்டுடா! இது வீடா தொழுவமா?"

குபாத் ஜன்னலைத் திறந்தான். அடுப்பின் தகட்டைத் திறக்க இழுத்தான்; பாதி வந்து துருவில் சிக்கி நின்றது. சுவரில் மெதரின் பெட்டி பச்சையாக எரிந்தது. மெதர் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தை இறக்கினான். பேட்டரியை உருவினான். கடைக் கருவி அலமாரியில் ஜாம் புட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. அதைத் துடைத்து, பேட்டரியைப் போட்டு, அடுப்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கிழவர் கம்பளத்தைப் பற்றியும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மெதர் அசையவில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கருவி அலறியது.

"பாத்தியா?" ஒரோஸ்பெக் காதைப் பொத்திக்கொண்டு, வெற்றியோடு குபாத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லலை? இப்படித்தான் கத்தும்!"