எட்டு மாத ஸ்பானிஷ்

...ஆப்லோ தே மீ, ஆப்லோ தே மீ, என்னைப் பற்றிப் பேசினானா, மூன்றே சொல், இதற்கு எட்டு மாதம், மணி ஒன்றரை ஆகிறது, இரண்டுக்குத் தம்பி மனைவி கூப்பிடுவாள், அதற்குள் இந்தப் பல்செட்டின் கீழ்வரிசையை மெழுகில் நிறுத்தியாக வேண்டும், நாலு மணிக்கு டாக்டர் ஆள் அனுப்புவார், ஸ்பானிஷில் முன்பல் ஆணாம், கடைவாய்ப்பல் பெண்ணாம், முப்பது வருஷமாக இந்த லேபில் பல் கட்டுகிறேன், ஒரு பல்லாவது என்னிடம் இதைச் சொன்னதுண்டா... பக்கத்து மேஜையில் பிளாஸ்டர் அச்சைத் தேய்க்கிற பெண் திரும்பிப் பார்க்கிறாள், உதடு அசைந்திருக்கும். "என்னண்ணே, பல்லுகிட்டயே பேச ஆரம்பிச்சிட்டீங்களா?" ஆமாம்மா, இதுதான் பதிலுக்கு வாய் காட்டாது என்றேன், அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புத்தகம் இங்கிலீஷ்காரர்களுக்காக இங்கிலீஷில் எழுதியது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அதற்குள் நுழைந்தேன், வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே யார் செய்தது என்று தெரிந்துவிடும், நான் அவன் என்று தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நாலு பக்கம் மாய்ந்து மாய்ந்து விளக்குகிறான், அட, இதற்கா இந்தப் பாடு, வந்தேன் போனான் என்று நம் வீட்டுக் குழந்தை சொல்லவில்லையா, நீ வேறு நீங்கள் வேறு என்பதற்கு ஒரு முழுப் பாடம். அதையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டேன். மாட்டிக்கொண்டது மேஜையிலும் கரண்டியிலும்தான், மேஜை பெண், கரண்டி பெண், தட்டு ஆண், எப்படி நினைவில் வைப்பது, வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினேன், கண்ணாடிமேல், கதவுமேல், தண்ணீர்க் குடத்தின்மேல். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, மறந்துடப் போறீங்க" என்றாள் என் மனைவி. கிண்டல்தான், ஆனால் ஈரத்தில் உரிந்து விழுந்த சீட்டுகளைத் திரும்ப ஒட்டியவளும் அவள்தான். ஏன் படிக்கிறேன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா போனபோது தம்பி வரவில்லை, ஸ்பானிஷ் பேசுகிற தேசத்தில் இருந்தான், அங்கேயே கல்யாணம், அங்கேயே வேலை, அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் போனில் கூப்பிட்டான், இனிமேல் எனக்குத் தம்பியே கிடையாது என்று சொல்லி வைத்தேன், அப்புறம் ஆறு வருஷம், அவன் எண் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்துப் போட்டேன், ஒருநாள் அந்த எண்ணிலிருந்து அவள் எழுதினாள், போன மாசம் அவர் இறந்துவிட்டார் என்று, மெஷின் மொழிபெயர்த்த தமிழில், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாள், இதற்குமேல் எழுதவும் வராது, நீங்கள் கேட்டால் வாயால் சொல்ல நிறைய இருக்கிறது... மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கலாம், ஆனால் எவனோ ஒருத்தன் நடுவில் உட்கார்ந்துகொண்டு உங்க தம்பி உங்களை மன்னிச்சிட்டாராம் என்றோ, மன்னிக்கலையாம் என்றோ சொல்வதா, அதை அவள் வாயிலிருந்தே கேட்க வேண்டும், அவன் பக்கத்தில் படுத்து எழுந்தவள், அவன் கடைசி மூச்சைப் பார்த்தவள். 'இருக்கிறது' என்பதற்கு அந்த மொழியில் இரண்டு சொல் உண்டு, நிலையானதற்கு ஒன்று, மாறிப்போவதற்கு ஒன்று, செத்துப்போனவனுக்கு எதைப் போடுவது என்று பார்த்தால் மாறிப்போவதற்கு உள்ளதைத்தான் போடச் சொல்கிறான், அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நாலு நாள் ஆயிற்று. டேய், என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாயா...

கூப்பிட்டுவிட்டாள், இன்னும் இரண்டு ஆகவில்லை, மெழுகுக் கையோடு போனை எடுத்துக்கொண்டு அச்சுகள் அடுக்கியிருக்கிற பின்னறைக்கு ஓடினேன், வணக்கம் சொன்னேன், நலமா என்றேன், நான் அவருடைய அண்ணன் என்றேன், எல்லாம் தடுக்காமல் வந்தது, அவள் ஆச்சரியப்பட்டு, கே பியென் ஆப்லா, எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்றாள், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, கேட்டேன், ஆப்லோ தே மீ? அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம். அப்புறம் தொடங்கினாள்... ஐயோ, அது மொழியா, மழையா, நான் படித்த சொற்கள் அங்கங்கே தலையை நீட்டி மூழ்கின, ஜன்னல், செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி, செருப்பு, அண்ணன், அப்பா, மறுபடி அண்ணன், ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் அழுதாள், எதற்குச் சிரித்தாள், எதற்கு அழுதாள், எட்டு மாதமும் கேள்வி கேட்பதற்கே பழகியிருக்கிறேன், பதிலுக்குப் பழகவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்பதற்குச் சொல் தெரியும், தெஸ்பாஸியோ, மூன்றாம் பாடத்திலேயே இருக்கிறது, நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் நன்றாகப் பேசுகிறீர்கள் என்றாளே, அந்தப் பெருமை போய்விடுமே, அழுகிறவளை நிறுத்துவதா என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டு, ஸீ, ஸீ என்றேன், ஆமாம், ஆமாம், பத்து நிமிஷம் ஆமாம் போட்டேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தெளிவாக, தமிழில் கேட்டாள்: "புரிஞ்சுதாண்ணா?"

அவன் கற்றுக்கொடுத்திருக்கிறான், அவன் இழுக்கிற அதே இழுப்பு, ஸீ என்றேன், அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள். தெரிந்துகொண்டாளோ... நாளைக்கே கூப்பிட்டு, ஒன்றும் புரியவில்லையம்மா, மறுபடி மெதுவாகச் சொல் என்று கேட்கலாம், கேட்டால் அவள் இன்னொரு தடவை அழ வேண்டும், கேட்பேனா, போனிலெல்லாம் பிசுபிசுவென்று மெழுகு, விரலால் சுரண்டுகிறேன், "புரியுதாண்ணா" என்று அவனும்தான் அன்றைக்குப் போனில் கேட்டான், அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம், அவன் அழுதுகொண்டே ரொம்ப நேரம் பேசினான், ஏன் வரமுடியவில்லை என்று ஏதோ காரணம் சொன்னான், அவன் நிறுத்தியதும் நான் சொல்ல வேண்டியதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன காரணம் சொன்னான், என்ன சொன்னான்... ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை. அவன் தமிழில்தான் சொன்னான்.